வெள்ளாற்று முகத்துப் பரங்கிக் குடும்பங்கள்

திட்டக்குடியில் வைத்தியநாத சுவாமி ஆலயத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு, கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணையில் வயல்களுக்குப் பங்கு கொடுத்து, புவனகிரியைக் கடந்து, பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பக்கத்து மக்களிடம், இதன் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் மலாக்காவிலிருந்தும், அச்சேயிலிருந்தும், நம் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் கெடாவிலிருந்தும் கப்பல்கள் வந்து நின்றன என்று சொன்னால், சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆயினும் அந்த முகத்துவாரத்தில் இருக்கும் ஊருக்குப் போர்ச்சுகீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் ஆட்சியாளர் இட்ட பெயர் மஹ்மூது பந்தர். சுற்றுப்புறத்துத் தமிழர் இட்டதும், மற்ற இரண்டும் மங்கிய பிறகும் நிலைத்ததுமான பெயர் பரங்கிப்பேட்டை. அந்தப் பேட்டையில் வீடு கட்டி, பெண் கொண்டு, பிள்ளை பெற்று, மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்து கரைந்துபோன பரங்கிக் குடும்பங்களைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் எழுத நினைக்கிறேன்.

போர்ச்சுகீசியர் என்றவுடன் நமக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததும், 1510-இல் அல்புகர்க் கோவாவைப் பிடித்ததும், கடலில் செல்லும் கப்பலெல்லாம் தங்களிடம் சீட்டு வாங்கித்தான் செல்லவேண்டும் என்று அவர்கள் மிரட்டியதும் அதில் இருக்கின்றன. பீரங்கிப் புகையில்லாத பக்கம் அந்த அத்தியாயத்தில் ஒன்றுகூட இல்லை. மேற்குக் கரையைப் பொறுத்தவரை அது பிசகான சித்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோழமண்டலக் கரையின் கதை வேறு. மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறிய போர்ச்சுகீசியரில் பலர், கோவாவின் படைத்தொழிலைக் கைவிட்டவர்கள். அரசாங்கத்துச் சம்பளம் பல மாதம் பாக்கி நின்றதால் வெறுத்து வந்தவர்கள். சொந்தமாக நாலு மூட்டை துணி வாங்கி விற்று முன்னுக்கு வரலாம் என்று நம்பியவர்கள். ஏதோ ஒரு குற்றத்துக்காகக் கோவாவின் நீதிபதிகளுக்கு முகங்காட்ட முடியாதவர்களும் அவர்களில் உண்டு. கோவாவிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோமோ அவ்வளவுக்கு க்ஷேமம் என்பதே அவர்களுடைய ராஜதந்திரம். வெள்ளாற்று முகத்திலோ அவர்கள் கோட்டையும் கட்டவில்லை, கொடியேற்றி ஆளவும் இல்லை. செஞ்சி நாயக்கர், பிறகு பிஜப்பூர் சுல்தானின் அதிகாரிகள், 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய பின் மராத்தியர், 1698-இல் செஞ்சி வீழ்ந்த பின் முகலாயர் என்று யார் யார் இந்தச் சீமையை ஆண்டார்களோ அவரவருக்குச் சுங்கம் செலுத்தி, அவரவர் தயவில் வாழ்ந்த குடிகள் அவர்கள். பிழைக்க வந்தவர்கள் என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தச் சொல்தான் அவர்களுக்குப் பொருந்தும்.

இந்தக் குடியேற்றம் தொடங்கிய காலத்தின் சித்திரம் ஒன்று ஒரு பாதிரியாரின் கடிதங்களில் கிடைக்கிறது. 1597-ஆம் ஆண்டளவில் நிக்கோலாஸ் பிமெண்டா என்னும் ஏசுசபைத் துறவி செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். அப்போது நாயக்கர் சிதம்பரத்தில் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதித் திருப்பணியில் ஈடுபட்டிருந்தார். அதைப் பொறாத தீட்சிதர்களில் சிலர் கோபுரத்தின் மீதேறிக் குதித்து உயிர் துறந்தார்கள் என்று பிமெண்டா எழுதிவைத்திருக்கிறார். நம் சிதம்பரத்தின் மிகக் கடுமையான வழக்கொன்றுக்கு ஓர் அந்நியப் பாதிரியார் சாட்சியாகிவிட்டார் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அதே நாயக்கர் கடற்கரையில் கிருஷ்ணப்பட்டினம் என்று தம் பெயரால் புதிதாக ஒரு பட்டினம் சமைத்துவருவதையும், அங்கே ஆலயம் கட்டிக்கொள்ளத் தங்களுக்கு அனுமதி தந்ததையும் அந்தக் கடிதங்கள் கூறுகின்றன. அந்தப் பட்டினமே பிற்காலத்துப் பரங்கிப்பேட்டை என்று ஆராய்ச்சியாளர் ஹீராஸ் பாதிரியார் கருதினார். நாயக்கருடைய நோக்கத்தை ஊகிப்பது கடினமன்று. துறைமுகம் இருந்தால் சுங்கம் வரும். பரங்கி வணிகன் இருந்தால் குதிரையும் யானையும் தகரமும் வரும். உள்நாட்டு நெசவாளியின் துணி வெளியே போகும்.

ஊர் நிறைந்தது பதினேழாம் நூற்றாண்டின் நடுவில். அதற்குக் காரணம் பிற இடங்களில் நேர்ந்த வீழ்ச்சி. 1656-இல் கொழும்பு டச்சுக்காரர் வசமாயிற்று. 1658-இல் மன்னாரும், யாழ்ப்பாணமும், அதே ஆண்டு ஜூலையில் நாகப்பட்டினமும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1662-இல் மயிலாப்பூரைக் கோல்கொண்டாப் படை எடுத்துக்கொண்டது. ஆறே ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, கைக்குழந்தைகளோடும் கிழவிகளோடும் படகேறிய குடும்பங்கள் எத்தனையோ. சிலர் சென்னைப்பட்டினத்தில் ஆங்கிலேயரின் நிழலுக்குப் போனார்கள். சிலர் கோவாவுக்குத் திரும்பினார்கள். கோவாவைக் கண்ணாலும் பார்த்திராதவர்களோ, அருகிலிருந்த புதுத் துறைமுகத்தை நாடினார்கள். அந்த ஆண்டுகளில் வெள்ளாற்றங்கரையில் வந்து இறங்கிய பரங்கியரில் பெரும்பாலோர் போர்ச்சுகல் தேசத்தை ஒருநாளும் கண்டதில்லை. அவர்கள் பிறந்தது நாகப்பட்டினத்திலோ கொழும்பிலோ. அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் இந்தக் கரையின் பெண்கள்.

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். லிஸ்பனிலிருந்து கிழக்கே புறப்பட்ட கப்பல்களில் பெண்கள் மிக அருமை. அநாதைப் பெண்கள் சிலரை மன்னர் தம் செலவில் கோவாவுக்கு அனுப்பி மணம் செய்விப்பதுண்டு. ஆயினும் ஆயிரக்கணக்கான ஆடவருக்கு அந்தச் சிலர் எம்மாத்திரம்? அல்புகர்க்கே தம் வீரர்களை உள்ளூர்ப் பெண்களை மணந்து குடித்தனம் நடத்தும்படி தூண்டினார். அவ்வாறு மணந்தவனுக்குக் காஸாதோ என்று பெயர். அவன் படைத்தொழிலிலிருந்து விலகி வாணிகம் செய்யலாம். ஆகவே சோழமண்டலத்துப் பரங்கி வீடுகளில் தகப்பனார் போர்ச்சுகீசியப் பெயரும், ஒரு தொப்பியும், கடல் கடந்த தேசமொன்றைப் பற்றிய சில கதைகளும் கொண்டுவந்தார். மற்ற அனைத்தையும் கொண்டுவந்தவள் தாய். உலையில் கொதித்தது இந்தக் கரையின் அரிசி. சட்டியில் வெந்தது வெள்ளாற்று மீனும் இறாலும். குழந்தைக்குச் சுரம் கண்டால் அரைத்துப் பூசியது நம் பச்சிலை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் லத்தீனில் பூசை கேட்ட பிள்ளை, வாசலுக்கு வந்தவுடன் மீன்காரியிடம் தமிழில் பேரம் பேசியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தகப்பனாரோ ஆண்டில் பாதி நாள் வீட்டில் இரார். சோழமண்டலக் கரையில் ஐப்பசி பிறந்தால் வடகிழக்குக் காற்று பொங்கிவிடும். புயலில் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போகாமல் கப்பல் எதுவும் இந்தத் திறந்த கரையில் நிற்காது. எனவே அதற்குமுன்பே சரக்கேற்றி மலாக்கா நோக்கிப் புறப்பட்டுவிடுவார்கள். திரும்பி வருவது மாசி பங்குனியில். சிறு கப்பல் ஆற்று முகத்துக்குள் வரும். பெரியது கடலிலேயே நிற்கும். ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கையும் ஆளையும் இறக்கி வரும். ஆணியடித்த படகு இந்த அலையின் அடியில் பிளந்துபோகும். கயிற்றால் தைத்த படகு வளைந்து கொடுத்துத் தாங்கும். கரையில் நின்ற பிள்ளைகள் எந்தப் படகில் அப்பா வருகிறார் என்று பார்த்திருப்பார்கள். வராத ஆண்டுகளும் உண்டு. புயலுக்கும் கொள்ளைக்கும் இரையானவர் போக, மலாக்காவிலோ மணிலாவிலோ வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பாமலே போனவரும் இருந்தனர். விதவைகளும் அநாதைகளும் மலிந்த சமுதாயம் அது. ஆதலால்தான் போர்ச்சுகீசியர் போன இடமெல்லாம், விதவையரையும் அநாதைகளையும் பரிபாலிக்கும் மிசெரிகோர்தியா என்னும் தரும ஸ்தாபனமும் கூடவே போயிற்று.

அந்தக் கப்பல்களில் என்ன போயிற்று? முக்கியமாகத் துணி. புவனகிரிப் பக்கத்து நெசவாளரின் தறிகளிலிருந்து வெள்ளைச் சீலையும், தென்னார்க்காட்டு அவுரியில் முக்கிய நீலமும், கடற்கரை மணலில் தோண்டும் சாயவேரில் தோய்த்த சிவப்பும் கிழக்கு நோக்கிச் சென்றன. வந்தவை தகரம், மிளகு, பாக்கு, யானை. இந்த வாணிகத்தில் பரங்கியர் தனித்து நின்றதில்லை. நூற்றாண்டுக் கணக்காகக் கடலறிந்த மரைக்காயர்களும், முதல் போட்ட செட்டிகளும் இல்லாமல் அவர்களால் ஓர் ஆண்டும் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஒரே கப்பலில் மரைக்காயர் மூட்டையும் பரங்கியின் மூட்டையும் அடுத்தடுத்துக் கிடந்தன. ஸ்பானியர் ஆண்ட மணிலாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் அனுமதி இல்லாததால், ஆங்கிலேயர் தங்கள் சரக்கைப் போர்ச்சுகீசியர் பெயரிலும் ஆர்மேனியர் பெயரிலும் அனுப்பினார்கள். கத்தோலிக்க மதமும் ஒரு போர்ச்சுகீசியப் பெயரும் இருந்தால் அதற்கே ஒரு விலை கிடைத்த காலம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் 1680-களில் பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை வைத்தபோது, அவர்களுக்கு முன்பே ஊரறிந்து, மொழியறிந்து, நெசவாளியின் வீட்டு வாசலறிந்து உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் குடும்பத்தாரே. பரங்கிப்பேட்டை வராகன் என்று ஒரு பொன் நாணயம் இலங்கை வரையில் செல்லுபடியானது என்றால் ஊரின் செல்வாக்கை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பான செய்தியை மறைப்பது நியாயமாகாது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பஞ்சமும் போரும் மாறி மாறி வாட்டின. அப்போது ஒருவேளைச் சோற்றுக்காகப் பெற்ற பிள்ளையை விற்றார்கள். பரங்கியரும் டச்சுக்காரரும் அப்படி விலைபோனவர்களை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள், கப்பலேற்றியும் அனுப்பினார்கள். கௌரவமான பரங்கி வீட்டில் அடிமைகள் இருப்பது சகஜம். வீட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் விலைக்கு வாங்கப்பட்டவளாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தாலாட்டு அவள் நாவிலிருந்தே வந்திருக்கும். கடலோரத்துக் கலப்பு வாழ்வின் அழகைப் பாடுகிறவர்கள் இந்தப் பெண்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அக்கம்பக்கத்தில் அவர்களுக்கு என்ன மதிப்பு இருந்தது? அரசனுக்கு அவர்கள் வேண்டியவர்கள். ஊராருக்கு அவ்வளவாக இல்லை. பரங்கி என்ற சொல்லில் மாட்டிறைச்சி தின்பவன், மது அருந்துபவன், குளிக்காதவன் என்ற ஏளனமெல்லாம் அடங்கியிருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி, நான் பரங்கியல்லன் என்று பறைசாற்றிக் காவி உடுத்துத் தனியே குடிலமைத்ததற்குக் காரணம் இந்த ஏளனமே. அதுவரை ஞானஸ்நானம் பெற வருவோரைப் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்ததையும் அவர் கண்டித்தார். பெரிய பாதிரியாரே உதறித்தள்ளிய பெயரைச் சுமந்துகொண்டு தெருவில் விளையாடின பிள்ளைகள் எத்தனை வசை கேட்டிருக்கும்! கோவாவிலிருந்து வருகிற கலப்பற்ற ரத்தத்துக்காரரோ, இவர்களைக் கறுப்பர் என்றும் மெஸ்டிசோ என்றும் ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் தமிழர் இவர்களைச் சட்டைக்காரர் என்றார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தோப்பாஸ் என்றார்கள். இரண்டு பெயரும் உடுப்பைப் பார்த்து இட்டவை என்று சொல்வார்கள். ஆளைப் பார்த்து இட்ட பெயர் ஒன்றுமில்லை.

இடையில் ஒரு வார்த்தை. நம் கடற்கரையில் பெர்னாண்டோ, கொஸ்தா, டிசூசா என்று பெயர் கண்டால் உடனே போர்ச்சுகீசிய வம்சம் என்று முடிவுகட்டும் பழக்கம் படித்தவர்களிடையேயும் இருக்கிறது. அது தவறு. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது, தங்களுக்கு ஞானத்தந்தையாக நின்ற போர்ச்சுகீசியரின் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் முற்றிலும் இந்த மண்ணின் மக்கள். மறுபுறம், பரங்கியின் நேர்சந்ததி என்று சொல்லத்தக்கவர் சிலர் இன்று சாதாரணத் தமிழ்ப் பெயரோடு நம்மிடையே நடமாடுவதும் சாத்தியமே. பெயரை வைத்து வம்சம் கூறுவது ஜோதிடத்தைவிடச் சற்றே மேலான வித்தை.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாணிகம் கைநழுவிப் போயிற்று. சொந்தக் கப்பல் வைத்திருந்தவரின் பேரப்பிள்ளைகள், 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கிய கடலூர் செயிண்ட் டேவிட் கோட்டையில் தோப்பாஸ் சிப்பாய்களாகக் காவல் நின்றார்கள். எழுத்தராகவும் மொழிபெயர்ப்பவராகவும் சமையற்காரராகவும் பிழைத்தார்கள். ஆனால் அதிகாரம் போன பிறகும் அவர்களுடைய பாஷை போகவில்லை. 1698-ஆம் ஆண்டுச் சாசனம், கிழக்கிந்தியக் கம்பெனியின் குருமார் இந்தியா வந்து ஓராண்டுக்குள் போர்ச்சுகீசிய மொழி கற்கவேண்டும் என்று விதித்தது. 1706-இல் டேனியரின் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழோடு அதையும் படித்தார். மறு ஆண்டில் அவர் கட்டிய ஜெருசலேம் ஆலயத்தில் இரண்டு மொழியிலும் ஆராதனை நடந்தது. பள்ளிகளும் இரண்டு மொழியிலும் இருந்தன. கடலூரில் 1740 முதல் 1758 வரை ஊழியம் செய்த ஸ்வீடன் தேசத்துக் கீர்நாந்தரும் அவ்வாறே. டேனியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரும் தம் வேலைக்காரரோடும் சிப்பாயோடும் பேசுவதற்குக் கற்ற மொழி, நாடிழந்த இந்தக் குடும்பங்களின் வீட்டு மொழி.

பரங்கிப்பேட்டைக்கு முடிவு விரைந்து வந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் மகன் கரீம் சாகிபின் குதிரைப்படை ஊரைச் சூறையாடிற்று. அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதி, ஊருக்கருகே ஹைதரும் சர் அயர் கூட்டும் பொருத போரைச் சரித்திரப் புத்தகங்களில் காணலாம். அதனை இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. 1825-இல் டச்சுக்காரரும் விடைபெற்றார்கள். ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் இங்கே பெரிய இரும்பாலை ஒன்றை எழுப்பிப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. பரங்கிக் குடும்பங்கள் பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் பிரிந்து போயின, அல்லது ஏழ்மையில் அக்கம்பக்கத்தோடு கலந்துவிட்டன.

அந்த வீடுகளில் ஒரு குழந்தை எப்படி வளர்ந்தது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். அங்கே போர்ச்சுகீசியர் கோட்டை கட்டியது 1628-இல். டச்சுக்காரர் பிடித்தது 1638-இல். ஆண்டது பத்து ஆண்டு. பாஷையோ இன்றுவரை நிற்கிறது. பறங்கியர் என்றே தமிழரால் அழைக்கப்படும் அங்குள்ள கலப்பு வம்சத்தார் பெரும்பாலும் தச்சர், கொல்லர், தையற்காரர், இயந்திர வேலைக்காரர். கலியாண வீட்டில் வயலினும் தாளமுமாகக் காப்ரிஞ்ஞா ஆட்டம் நடக்கும். பிள்ளைகள் தெருவில் தமிழ் பேசும். பாட்டி அடுப்பங்கரையில் அந்தப் பழைய மொழி பேசுவாள். அந்த மொழியின் சொற்கள் போர்ச்சுகீசியம். ஆனால் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது, வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. தகப்பன் சொல்லைக் கொடுத்தான், அதை அடுக்கும் முறை தாய்வீட்டிலிருந்து வந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அவர்கள் வாழ்ந்த கரையோரத்தைப் பெரிதும் அழித்தது. அதற்கு முன்பே பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். இப்போது அம்மொழி பேசும் குழந்தைகள் அருகிவருகிறார்கள்.

நம் அரசியல் சட்டம் 366-ஆம் விதியில் ஆங்கிலோ-இந்தியர் என்பதற்கு இலக்கணம் கூறும்போது, தகப்பன் வழியில் ஐரோப்பிய முன்னோர் உள்ளவர் என்று சொல்கிறது. பரங்கி வம்சத்தாரும் அதில் அடங்குவர். சட்டத்துக்கு ஒரு வரையறை வேண்டும், அதைக் குறை கூற முடியாது. ஆனால் சரித்திரம் எழுதுகிறவர்களும் அதே வழியில் போய்விட்டார்கள் என்பதே என் முறையீடு. தகப்பனின் கப்பலைப் பற்றிக் கோவாவிலும் லிஸ்பனிலும் ஹேக்கிலும் காகிதங்கள் இருக்கின்றன, அவற்றை ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். தாயைப் பற்றி எழுதவேண்டியவர்கள் நாம். அவள் நம் ஊர்ப் பெண். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக வெள்ளாற்று முகத்து மீனையும் நண்டையும் ஆராய்ந்து வருகிறது. அதே பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவர்கள், கடலூர், பரங்கிப்பேட்டை, பாண்டிச்சேரிப் பழைய ஆலயங்களில் எஞ்சியிருக்கும் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளையும் கல்லறை எழுத்துகளையும் உப்புக்காற்றும் கரையானும் தின்பதற்கு முன் படியெடுத்து வைக்க முன்வரவேண்டும். வீட்டில் அத்தகைய பழைய காகிதம் வைத்திருப்போர் அதை அவர்களுக்குக் காட்டி உதவவேண்டும்.